மூளைக்குள் சிப்: நாம் கேட்க மறந்த கேள்வி

கடந்த தவணையில் ஒருநாள், உயிரியல் பாடத்துக்கு ஆசிரியை வர முன்னர் எங்கள் வகுப்பில் ஒரு வாக்குவாதம் மூண்டது. மூளைக்குள் சிப் பொருத்திய ஒருவர் கையை அசைக்காமலே கணினியில் செஸ் விளையாடும் வீடியோவை ஒருத்தி பார்த்துவிட்டு வந்திருந்தாள். "இனி எங்கட நினைப்பையும் வாசிச்சிருவாங்க" என்றாள் ஒருத்தி. "இது மார்க்கத்தில கூடுமா?" என்று இன்னொருத்தி. "பரீட்சைக்கு முன்னால எனக்கும் ஒண்டு பூட்டினா நல்லம்" என்றாள் மூன்றாமவள்.

எல்லாமே இயந்திரம் மனிதனை என்ன செய்யும் என்பதைப் பற்றிய பேச்சு. மூளை அந்த இயந்திரத்தை என்ன செய்யும் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பிறகு இதைப் பற்றித் தேடி வாசித்தேன். முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்பது இப்போது என் அபிப்பிராயம்.

2004இல் அமெரிக்காவில் மெத்யூ நேகல் என்ற இளைஞரின் மூளையில் 4 மில்லிமீற்றர் சதுரமான சிறு சிலிக்கன் தகடு ஒன்று பொருத்தப்பட்டது. கழுத்தில் கத்திக்குத்துப் பட்டுக் கைகால் இயங்காமல் போனவர் அவர். தகட்டில் சுமார் நூறு நுண்ணிய ஊசிகள், அவைதான் மின்வாய்கள். கையை அசைப்பதாக அவர் நினைத்தால் கணினித் திரையில் அம்புக்குறி நகர்ந்தது. மின்னஞ்சலைத் திறந்தார், தொலைக்காட்சியை இயக்கினார். 2006இல் 'நேச்சர்' சஞ்சிகையில் இது வெளிவந்தபோது உலகமே வியந்தது.

வியப்புக்குரியதுதான். ஆனால் அந்த ஊசிகள் போய் நிற்கும் இடத்தைச் சற்று யோசித்துப் பாருங்கள். மூளை எவ்வளவு மென்மையானது என்று கேட்டால் நம் வீட்டு வட்டிலப்பத்தைத்தான் காட்டுவேன். சிலிக்கன் அதைவிடக் கோடிக்கணக்கான மடங்கு விறைப்பானது. மூளையோ சும்மா இருப்பதில்லை. ஒவ்வொரு இதயத்துடிப்புக்கும் ஒவ்வொரு மூச்சுக்கும் சிறிது அசைகிறது. வட்டிலப்பத்தில் ஊசியைக் குத்திவிட்டு, தட்டை இரவு பகலாக ஆட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்?

ஊசி நுழையும்போதே மிக நுண்ணிய குருதிக்குழாய்கள் அறுகின்றன. வழமையாக மூளைக்குள் விடப்படாத குருதிப் பதார்த்தங்கள் உள்ளே கசிகின்றன. மூளையின் காவற்காரர்களான மைக்ரோகிளியாக் கலங்கள் ஒரு மணித்தியாலத்துக்குள்ளேயே ஊசியை நோக்கித் தம் கைகளை நீட்டத் தொடங்குகின்றன. சில வாரங்களில் அஸ்ட்ரோசைற் என்னும் கலங்கள் நெருங்கி நின்று ஊசியைச் சுற்றி ஒரு மதிலைக் கட்டிவிடுகின்றன. மின்வாய்க்குத் தெளிவாகக் கேட்பது ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு தூரத்துக்குள் இருக்கும் நரம்புக் கலங்களின் சத்தம் மட்டும். மதிலும் அந்த இடத்தில்தான் எழும்புகிறது.

நான் வாசித்தவற்றுள் என்னை மிகவும் நிறுத்தியது 2005இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் பட்ரிக் ட்ரெஸ்கோவின் குழு எலிகளில் செய்த ஆய்வு. ஊசியைச் செருகி உடனே எடுத்துவிட்ட இடங்களையும், செருகியபடியே விட்ட இடங்களையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். மூளை இழையத்தை மெல்லிய துண்டுகளாக வெட்டி நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, ஊசி எடுக்கப்பட்ட இடம் பெரிதும் ஆறியிருந்தது. ஊசி நின்ற இடத்திலோ அழற்சி அடங்கவேயில்லை. அதன் அருகே நரம்புக் கலங்களும் குறைந்திருந்தன. அதாவது குத்திய காயத்தை மூளை பொறுத்துக்கொள்கிறது. குத்திய பொருள் போகாமல் நிற்பதைத்தான் அதனால் பொறுக்க முடியவில்லை. (அந்த எலிகளை நினைத்தால் எனக்கு மனது சங்கடப்படவே செய்கிறது. ஆனால் இதை அறியாமல் மனிதருக்குப் பொருத்துவது அதைவிடப் பெரிய பிழையாக இருந்திருக்கும்.)

எங்கள் பெரிய வாப்பாவின் தோளில் யுத்த காலத்துச் செல் துண்டு ஒன்று இன்றும் இருக்கிறது. உடம்பு அதைச் சுற்றி உறை கட்டிவிட்டது, எடுக்கத் தேவையில்லை என்று டொக்டர்மார் விட்டுவிட்டார்கள். அங்கே அந்த உறை ரஹ்மத். அது மௌனமாகக் கிடந்தால் போதும். மூளையில் வைத்த மின்வாய் மௌனமாகக் கிடந்தால் அதை வைத்ததில் பயனேயில்லை.

எல்லா மின்வாய்க்கும் இந்தச் சிக்கல் ஒரே அளவில் இல்லை. பிரான்சின் கிரெனோபிள் நகரில் பெனாபிட் என்ற மருத்துவர் 1987 முதல் வளர்த்தெடுத்த ஆழ்மூளைத் தூண்டல் சிகிச்சை பார்க்கின்சன் நோயாளருக்குப் பல ஆண்டுகளாக உதவுகிறது. அங்கேயும் மதில் எழும்பத்தான் செய்கிறது. ஆனால் அந்த மின்வாய் மூளைக்குச் சொல்வது. சற்று உரத்துச் சொன்னால் மதிலுக்கு அப்பாலும் கேட்கும். நேகலின் மின்வாய் மூளை சொல்வதைக் கேட்பது. மதிலுக்கு அப்பால் ஒருவர் முணுமுணுத்தால் நமக்கு எப்படிக் கேட்கும்?

இப்படிச் சொல்வதால் நான் அவநம்பிக்கைக்காரி என்று நினைக்க வேண்டாம். பக்கவாதத்தால் பேச்சும் அசைவும் இழந்த ஒரு பெண், தன் நினைப்பால் ரோபோ கையை இயக்கிப் போத்தலை எடுத்துத் தானே கோப்பி குடித்தார். ஏறத்தாழ 15 ஆண்டுகளுக்குப் பின் பிறர் ஊட்டாமல் குடித்த முதல் மிடறு அது. இந்த ஆய்வு வெளிவந்தது 2012இல்; அவரது மூளையில் மின்வாய் வைத்து அப்போது 5 ஆண்டுகள் கடந்திருந்தன. ஆகவே நீண்ட காலம் வேலை செய்வது முடியாத காரியமல்ல. அவருக்கு நிலைத்தது வேறொருவருக்கு ஏன் மாதக்கணக்கில் மங்கிப் போகிறது என்பதை வீடியோ சொல்லாது. இழையத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

என் ஆதங்கம் இங்கேதான். புதிய சிப் பொருத்தும் நாளுக்குத்தான் கமெராக்கள் வருகின்றன. 2024இல் நியூராலிங்க் நிறுவனம் முதல் மனிதருக்குப் பொருத்தியது விறைத்த ஊசிகளையல்ல, தலைமுடியைவிட மெல்லிய, வளையக்கூடிய இழைகளை. சில வாரங்களில் அவற்றுள் பல மூளையிலிருந்து பின்வாங்கியதை நிறுவனமே ஒப்புக்கொண்டது. செஸ் வீடியோவைப் பார்த்த எங்கள் வகுப்பில் ஒருத்திக்காவது அது தெரிந்திருக்கவில்லை. இந்தத் துறையில் முதல் நாளை அளவுகோலாக வைக்கவே கூடாது என்கிறேன். ஐந்தாம் வருடத்தில் அந்த மனிதருக்கு இன்னும் கோப்பிக் கோப்பை எட்டுகிறதா என்று கேட்க வேண்டும். அதற்குப் பதில் தேடி, கமெரா இல்லாத ஆய்வுகூடத்தில் இழையத்தை வெட்டிச் சாயமிட்டுக் கலங்களை எண்ணிக்கொண்டிருப்பவர்களையும் நாம் விஞ்ஞானிகள் என்று கொண்டாட வேண்டும். உயிரியல் படிக்கும் நம்மில் எல்லோருக்கும் மருத்துவபீடம் கிடைக்கப் போவதில்லை. இப்படியொரு வேலை இருக்கிறது என்பதையாவது யாரேனும் நமக்குச் சொல்ல வேண்டாமா?

அடுத்த விஞ்ஞான தினத்துக்கு எங்கள் வகுப்பு மேசையில் ஒரு வட்டிலப்பமும் சில ஊசிகளும் வைக்க ஆசிரியையிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். கண்காட்சி முடியும்வரை அதை யாரும் சாப்பிடக் கூடாது என்ற நிபந்தனையோடு சம்மதித்திருக்கிறார்.