நாலு வார்த்தை திட்டினால் திருந்திவிடுவாரா?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

பத்து நாள் முன்பு என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். "டீச்சர், அவரு குடிய விடமாட்டேங்கிறாரு. அவரும் உங்ககிட்ட படிச்சவர்தானே, நீங்க நல்லா நாலு வார்த்தை கேட்டா அடங்கிடுவாரு" என்றாள். முன்பென்றால் அந்த நிமிடமே கூப்பிட்டிருப்பேன். திட்டுவதில் எனக்கு முப்பத்தைந்து வருட அனுபவம்! இந்த முறை, "யோசிச்சு சொல்றேம்மா" என்று வைத்துவிட்டேன். ஏன் என்பதைத்தான் எழுதுகிறேன். (அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். யார் என்று யாரும் ஆராய வேண்டாம்.)

என் தம்பியை உறவுகளுக்குத் தெரியும். அவன் குடித்த காலத்தில் நான் திட்டாத நாளில்லை. அழுதேன், சாமி படத்தின் முன் சத்தியம் வாங்கினேன். ஒவ்வொரு முறையும் அவனிடம் ஒரு பதில் இருந்தது. கடைசியில் நான் வருகிறேன் என்று தெரிந்தாலே வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவான். அவன் போய் ஆறு வருடமாகிறது.

மனநல ஆலோசகராக இருக்கும் இன்னொரு மாணவியிடம் ஒருநாள் இதைச் சொன்னேன். அவள்தான் 'மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங்' என்ற முறையைப் பற்றிச் சொன்னாள். "நீங்க எங்ககிட்ட பேசினதுக்கு நேர் எதிர் டீச்சர்" என்று சிரித்தாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அவள் அனுப்பிய கட்டுரைகளை அகராதியும் கையுமாக உட்கார்ந்து படித்தேன்.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழக உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-ல் எழுதிய கட்டுரையில் தொடங்கியது இது. பிறகு ஸ்டீபன் ரோல்னிக் என்பவருடன் சேர்ந்து 1991-ல் புத்தகமாக்கினார். குடிப்பவருக்கு விட வேண்டும் என்று ஒரு மனம், விட வேண்டாம் என்று ஒரு மனம். நாம் 'விடு' என்று வாதாடினால், அவர் மற்ற மனத்துக்கு வக்கீலாகிவிடுகிறார். தன் வாயால் சொல்லச் சொல்ல அதையே நம்பவும் செய்கிறார். அதனால் ஆலோசகர் வாதாடுவதில்லை. கேள்வி கேட்கிறார், காது கொடுக்கிறார், கேட்டதைத் திருப்பிச் சொல்கிறார். மாற வேண்டிய காரணம் அவர் வாயிலிருந்தே வர வேண்டும்.

கேட்க நன்றாக இருக்கிறது. பலன் உண்டா? ஆசிரியர் புத்தி, விடை சரியா என்று பார்க்காமல் மார்க் போடாது.

1993-ல் மில்லர் குழு 42 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று. ஆலோசகர் எவ்வளவுக்கெவ்வளவு மோதிப் பேசினாரோ, அவ்வளவுக்கவ்வளவு ஒரு வருடம் கழித்து அவரிடம் வந்தவர் அதிகமாகக் குடித்தார். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமில்லை. பிறகு யோசித்தேன். 42 பேர் என்பது ஒரு வகுப்பு அளவுதான். அதோடு, பிடிவாதமாகக் குடித்தவர்களிடம்தான் ஆலோசகர்கள் அதிகம் மோதினார்களோ என்னவோ! எது காரணம், எது விளைவு என்று இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

அடுத்தது பெரிய ஆய்வு. 'ப்ராஜெக்ட் மேட்ச்' என்று பெயர். 1,726 பேர், முடிவு வந்தது 1997-ல். மூன்று சிகிச்சைகளை ஒப்பிட்டார்கள். இரண்டுக்கு 12 அமர்வுகள். இந்த முறையை ஒட்டிய சிகிச்சைக்கு 4 மட்டும். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் மூன்றிலும் ஏறத்தாழ ஒரே பலன். 12 வகுப்பில் முடிக்கும் பாடத்தை 4 வகுப்பில் முடிப்பது சாதாரணமா? ஆனால் சிகிச்சையே பெறாத குழு ஒன்று அதில் இல்லை. அதனால் முன்னேற்றத்தில் சிகிச்சையின் பங்கு எவ்வளவு என்று அதிலிருந்து சொல்ல முடியாது.

ஆய்வுகளையெல்லாம் கூட்டிப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு, 2011-ல் 59 ஆய்வுகளை, 13,342 பேரை எடுத்துப் பார்த்தது. சும்மா விடுவதைவிட இது பலன் தருகிறது. நாளாக ஆக அந்தப் பலன் தேய்கிறது. மற்ற சிகிச்சைகளைவிட மேல் என்று சொல்வதற்கில்லை. இதுதான் சாரம். 25 வயது வரையுள்ள இளைஞர்களின் குடி பற்றி 2016-ல் 84 ஆய்வுகளைப் பார்த்தபோது, சொல்லிக்கொள்ளும்படியான பலன் தெரியவில்லை.

இன்னொன்று ஆசிரியர்களுக்குப் புரியும். ஒரு பயிற்சி முகாமுக்குப் போய் வந்தால் மட்டும் இந்த முறை கைவராதாம். பிறகும் ஒருவர் கூடவே இருந்து, பேசியதைக் கேட்டுத் திருத்தினால்தான் நிற்குமாம். டீ, பிஸ்கட், சான்றிதழோடு முடிந்த பயிற்சிகள் நாம் பார்க்காததா!

என் கருத்து இதுதான். இது மந்திரக்கோல் இல்லை. "கேட்டாலே போதும், திருந்திவிடுவார்" என்று விளம்பரம் செய்பவர்களை நம்பாதீர்கள். அதே சமயம், திட்டினால் திருந்துவார் என்பதற்கு நான் படித்தவற்றில் ஒரு வரி ஆதாரம்கூட இல்லை. இரண்டில் எதைக் கையில் எடுப்பது? பலன் சுமாராக இருந்தாலும், எதிரில் இருப்பவர் எழுந்து ஓடாமல் உட்கார வைப்பதைத்தான் எடுப்பேன். ஓடிப்போனவனிடம் எந்தச் சிகிச்சையைப் பற்றிப் பேச முடியும்?

ஒரு எச்சரிக்கை. பல காலமாக அதிகம் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். "இன்னையோட நிறுத்து" என்று சத்தியம் வாங்காமல், மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். நான் வாங்கிய சத்தியங்களை நினைத்தால் இப்போது நடுக்கமாக இருக்கிறது.

நேற்று அந்தப் பையனைக் கூப்பிட்டேன். (நாற்பது வயதானாலும் எனக்குப் பையன்தான்.) எடுத்ததும், "திட்டப் போறீங்களா டீச்சர்?" என்றான். "இல்லப்பா, எப்படி இருக்கன்னு கேக்கத்தான்" என்றேன். ஐந்து முறையாவது நாக்கு நுனி வரை வந்த புத்திமதியை விழுங்கினேன். அரைமணி நேரம் பேசினான். சின்ன மகள் இப்போதெல்லாம் தன் பக்கத்தில் வந்து படுப்பதில்லை என்று அவனாகவே சொன்னான். சத்தியம் எதுவும் செய்யவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த ஆலோசக மாணவியின் எண்ணைத் தரட்டுமா என்றேன். "அனுப்புங்க, பாக்கறேன்" என்றான்.

அனுப்பியிருக்கிறேன். போவானா என்று தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூப்பிடுவேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்