மறைக்கப்படும் இரண்டாவது எண்

கோல்ப் மட்டை விற்போர் மீது எனக்கொரு வழக்குண்டு. வெட்ஜ் மட்டையை விற்கும்போது 52, 56, 60 என்று முகச் சரிவின் பாகையை மட்டும் உரத்துக் கூறுகிறார்கள். பௌன்ஸ் கோணத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை.

மட்டையை நிமிர்த்தி நிறுத்தும்போது, அடிப்புறத்தின் பின்பகுதி முன்விளிம்பைவிடத் தாழ்ந்து தரையோடு அமைக்கும் கோணமே அது. மட்டை மண்ணுக்குள் புதைந்துவிடாமல் காப்பதும் அதுதான். ஜீன் சரசன் தமது மட்டையின் பின்புற அடியில் உலோகத்தை உருக்கி ஒட்டியது இதற்காகவே. 1932இல் பிரித்தானிய ஓப்பன் பட்டத்தையும் வென்றார்.

பௌன்ஸ் குறைந்த மட்டையே வல்லுநருக்குரியது என்றொரு மாயையும் பரப்பப்படுகிறது. இதை நான் மறுக்கிறேன். 4 முதல் 6 பாகை வரை இறுகிய தரைக்கும், தரையை மென்மையாகத் தடவி அடிப்போருக்கும் பொருந்தும். ஈரத்தரையிலும் மென்மணலிலும், செங்குத்தாக இறக்கி அடிப்போருக்கும் 10 பாகைக்கு மேல் வேண்டும். மாறி வாங்கினால் என்னவாகும்? மென்தரையில் மட்டை புதையும். இறுகிய தரையில் துள்ளிப் பந்தின் நடுவில் மோதும். பாவம், புதியவரோ தமது கைகளையே நொந்துகொள்வார்.

எனவே வாசகர்களே, இரண்டாவது எண்ணையும் கேளுங்கள். கடைக்குச் செல்லுமுன் நீங்கள் ஆடும் மண்ணைப் பாருங்கள். எண்ணைச் சொல்லத் தயங்குபவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.