அனுமதிப்பத்திரமும் அமானிதமும்

கல்முனைப் பெருந்தெருவிலே பாடசாலை விடும் வேளையில் நிற்பார்க்கு ஓர் உண்மை விளங்கும்: வீதி வாகனமுடையார்க்கு மட்டும் உரியதன்று.

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. அது காப்பது உரிமையாளரின் வாகனத்தையன்று. அவ்வாகனத்தால் ஊறுபடும் அயலாரையே. காப்புறுதிச் சான்றிதழின்றி, ஆண்டுதோறும் பெறவேண்டிய வருமான அனுமதிப்பத்திரமும் கிடையாது.

ஆயினும் காப்புறுதி இழப்பை ஈடுசெய்யுமேயன்றி உயிரை மீட்டுத் தராது. விபத்தை முன்னரே தடுக்கும் அரண் சாரதிப் பரீட்சையே. ஆதலின், திணைக்களம் எத்தனை பத்திரம் வழங்கியது என்று அரசு எண்ணுதல் போதாது. எவ்வாறு சோதித்து வழங்கியது என்று ஆராய்தல் வேண்டும்.

நம்பி ஒப்படைத்த பொருளை எங்கள் ஊரார் அமானிதம் என்பர். வழிச்செல்வோர் உயிரும் பரீட்சகர் கையில் அத்தகைய அமானிதமே.