முந்திரி இருக்கத் ‘திராட்சை’ ஏன்?

கடைதோறும் ‘திராட்சை’ என்கின்றனர். அது வடசொற்றிரிபு. அக் கொத்துக்கனிக்கு முந்திரி என்னும் பெயருண்டு; மலையாளத்தார் இன்றும் அதனை அப் பெயராலேயே அழைக்கின்றனர். இன்று தமிழர் முந்திரி எனும் கொட்டைமரமோ, 16ஆம் நூற்றாண்டிற் போர்த்துக்கீசியர் பிரேசிலினின்று கொணர்ந்தது. 11ஆம் நூற்றாண்டுச் சோழர் கல்வெட்டுகளிலேயே 1/320 என்னும் சிற்றளவு முந்திரிகை எனப் பொறிக்கப்பட்டுள்ளது. எனவே, அச் சொல் இங்கு வந்த அம் மரத்தினும் மூத்தது.

வந்த மரத்திற்குத் தன் சொல்லை ஈந்துவிட்டு, அச் சொல்லுக்குரிய கனிக்கு இரவற்பெயர் சூட்டியது தமிழனின் ஏமாளித்தனமன்றோ? கொட்டைமுந்திரி, கொடிமுந்திரி என வேறுபடுத்தின் மயக்கம் ஏது? சொல்லில்லாதவன் கடன் வாங்கலாம். சொல்லிருந்தும் வாங்குவது அடிமைத்தனம். தமிழர்களே, இனிக் கடையிற் ‘கொடிமுந்திரி’ என்றே கேண்மின்!