கற்பூரத்தையும் பரீக்ஷித்துப் பாருங்கள்

புதுவையை விட்டுப் பிரெஞ்சு ஆட்சி 1954-ம் வருஷம் நவம்பர் 1-ந் தேதியே போய்விட்டது. கற்பூரப் புகை மாத்திரம் இன்னும் போனபாடில்லை. கோயில் வாசலிலும், கடைக் கல்லாவிலும், சளி பிடித்த குழந்தையின் மார்பிலும் கற்பூரந்தான். அது கடவுளுக்கு உகந்ததா என்று இங்கு விவாதிக்க வரவில்லை. மனிதனுக்கு உகந்ததா என்றே கேட்கின்றோம்.

லிலியல் என்றொரு வாசனைச் சரக்கு. பூ மணம் உடையது. ஐரோப்பாவில் சோப்பிலும் அத்தரிலும் வெகுகாலம் கலந்து வந்தார்கள். எலிகளிடம் பரீக்ஷித்ததில் பிள்ளைப்பேற்றுச் சக்தியைக் கெடுப்பதாகத் தெரிந்தது. "மணம் நன்றாயிருக்கிறதே" என்று விட்டுவைக்காமல், 2022 மார்ச் 1 முதல் பிரான்சு உள்ளிட்ட ஐரோப்பிய யூனியன் தேசங்களில் அழகுச் சாமான்களில் சேர்க்கக் கூடாதென்று தடுத்துவிட்டார்கள்.

எந்த வாசனைச் சரக்கையும் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு: எவ்வளவு? எந்த வழியாக உடம்புக்குள் போகிறது? எந்த வயதினருக்கு? பிறகு காற்றையும் தண்ணீரையும் என்ன செய்கிறது?

கற்பூரத்தை இப்படிக் கேட்டால் என்ன பதில் வருகிறது? மிட்டாய் போலிருக்கும் வில்லையைக் குழந்தை விழுங்கினால் சில நிமிஷங்களிலேயே வலிப்பு வரலாம். ஒரு கிராமே சிறு குழந்தையின் உயிரைப் பறித்ததுண்டு. அமெரிக்க சர்க்கார் 1982-ல் கற்பூரத் தைலத்தைத் தடுத்தது. 1983-ல் மேற்பூச்சு மருந்துகளில் நூற்றுக்குப் பதினொரு பங்குக்கு மேல் கூடாதென்று விதித்தது. இன்று கடையில் விற்பது பெரும்பாலும் டர்ப்பன்டைனிலிருந்து ஆலையில் செய்தது. மரத்தில் வடித்தாலென்ன, ஆலையில் செய்தாலென்ன, விஷம் விஷமே!

இன்னொரு வேடிக்கை! கல்லும் சிற்பமும் கரி பிடிக்கிறதென்று சில கோயில்களிலேயே உள்ளே கற்பூரம் ஏற்றக் கூடாதென்கிறார்கள். கல்லுக்கு இருக்கும் பத்திரம், காற்றில்லாத அறையில் நாள் முழுதும் அப்புகையைச் சுவாசிக்கும் பூசாரியின் மார்புக்கும், வீட்டிலுள்ள பச்சைக் குழந்தைக்கும் வேண்டாமா?

ஆகவே தாய்மார்களே! கைக்குழந்தையின் மூக்கிலும் மார்பிலும் கற்பூரம் தடவாதீர்கள். வில்லைகளைக் குழந்தைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். விழுங்கிவிட்டால் வாந்தியெடுக்கச் செய்யாமல், மந்திரிக்கவும் போகாமல், நேரே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள். "விஷம்" என்று ஒவ்வொரு பொட்டலத்திலும் பெரிய தமிழ் எழுத்தில் அச்சிட வைப்பது சர்க்காரின் கடமை. புனிதம் என்ற பேர் எந்தச் சரக்குக்கும் நற்சாக்ஷிப் பத்திரம் ஆகாது.