அரசியலமைப்பில் உறைந்துபோன தொகை



மாநில வரிப்பணம் எதற்குச் செல்ல வேண்டும் என்று அரசியலமைப்பே ஆணையிடுவது இந்தியாவில் அரிது. அத்தகைய ஓர் ஆணை, 1956-இன் ஏழாவது திருத்தம் சேர்த்த 290-ஏ பிரிவில் உள்ளது. திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து கன்னியாகுமரிப் பகுதியும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, அங்குள்ள இந்துக் கோயில்களைப் பராமரிக்கும் தேவசம் நிதிக்கு ஆண்டுதோறும் 13.5 லட்சம் ரூபாய், மாநிலத்தின் தொகுப்பு நிதியின் மீது, அதாவது வரி முதலிய வருவாய் சேரும் பொதுக் கருவூலக் கணக்கின் மீது, சட்டமன்ற வாக்கெடுப்புக்கு உட்படாத செலவாகச் சார்த்தப்பட்டது. விலைவாசி பன்மடங்கு உயர்ந்த பின்னும் அப்பிரிவிலுள்ள எண் மாறவில்லை என்பதால், நிலையான தொகையை எழுதிவைப்பது காலப்போக்கில் பாதுகாப்பையே வெறுமையாக்கிவிடுகிறது.

தாமிரபரணிக் கரையிலுள்ள எங்கள் ஏரல் போன்ற பேரூராட்சிகளின் நிலை இதற்கு நேர்மாறானது. 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது திருத்தத்தின் 243-ஒய் பிரிவு, மாநில வரிவருவாயில் நகர்ப்புற உள்ளாட்சிகளின் பங்கை மாநில நிதி ஆணையம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பரிந்துரைக்க வழிசெய்தாலும், அப்பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்துவதில்லை. 2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் ஏரல் கடைவீதிக்குள் புகுந்து வணிகர்களின் சரக்கை அழித்தபோது, சாலை, வடிகால், குடிநீர் ஆகியவற்றை மீட்கும் கடமை இருந்த அளவுக்கு உறுதியான வருவாய் பேரூராட்சிகளுக்கு இல்லை என்பது வேதனைக்குரியது.

ஆகவே உள்ளாட்சிப் பங்கை ரூபாய்க் கணக்கில் அன்றி மாநிலச் சொந்த வரிவருவாயின் குறைந்தபட்ச விழுக்காடாக அரசியலமைப்பிலேயே வரையறுத்து, அதைச் செலவிடும் முறையைத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களிடம் விடும் திருத்தத்தை நாடாளுமன்றம் கொண்டுவர வேண்டும். அதற்கான தீர்மானத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் முதலில் நிறைவேற்றுவது பொருத்தமாகும்.

வாசகர்,
ஏரல்