ஜோம்சோம் விமானத்தில் ஏறுகிறவர்களுக்காக

நேபாளத்தின் சுற்றுலா, சிவில் விமானப் போக்குவரத்துத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

திருச்சியிலிருந்து எழுதுகிறேன்.

உங்கள் முக்திநாத்தை நாங்கள் சாளக்கிராமம் என்று சேவிக்கிறோம். திருமங்கையாழ்வார் பாடிய தலம்; 108 திவ்ய தேசங்களில் ஒன்று. கண் மூடுவதற்குள் ஒருமுறை போய்விட வேண்டும் என்று ஓய்வூதியத்தில் மிச்சம் பிடிக்கிறவர்கள் ஸ்ரீரங்கத்தில் தெருவுக்குத் தெரு உண்டு. பொக்காராவரை எப்படியோ வந்துவிடுகிறார்கள். அங்கிருந்து முக்திநாத் வழியிலுள்ள ஜோம்சோமுக்குப் பலரும் நம்புவது 19 பேர் உட்காரும் ட்வின் ஆட்டர் போன்ற சிறு விமானங்களை. அந்த இருபது நிமிடப் பயணத்தைப் பற்றியே இந்த மடல்.

2012 மே மாதம் ஜோம்சோமில் இறங்க முடியாமல் திரும்பிய டோர்னியர் விமானம் மலையில் மோதி 15 பேர் இறந்தார்கள். 2016 பிப்ரவரியில் அதே தடத்தில் 23 பேர். 2022 மே 29 அன்று 22 பேர். பத்தாண்டுகளில், ஒரே தடத்தில், அறுபது உயிர்கள். எங்கள் ஊருக்கு இந்தத் துக்கம் தூரத்துச் செய்தி அல்ல. 2011 செப்டம்பரில் எவரெஸ்டைப் பார்த்துவிட்டுக் காத்மாண்டு திரும்பிய சிறு விமானம் விழுந்தபோது, இறந்த 19 பேரில் எட்டுப் பேர் திருச்சியைச் சேர்ந்த கட்டுமானத் துறையினர்.

மலைதான் காரணம், வானிலைதான் காரணம் என்று சொல்லி இதைக் கடந்துவிட முடியாது. தடம் கடினமானது என்பதில் சந்தேகமில்லை. 800 மீட்டர் உயரத்துப் பொக்காராவிலிருந்து கிளம்பி, அன்னபூர்ணாவுக்கும் தௌலகிரிக்கும் நடுவே காளி கண்டகி வெட்டிய பள்ளத்தாக்குக்குள் நுழைந்து, 2,700 மீட்டருக்கு மேலுள்ள ஓடுபாதையில் இறங்க வேண்டும். முற்பகல் ஏற ஏறப் பள்ளத்தாக்கில் காற்று பிடித்துக்கொள்ளும். அதனால் விமானங்கள் காலையிலேயே போய்த் திரும்பியாக வேண்டும். கண்ணுக்கு வழி தெரிந்தால் மட்டுமே பறக்கலாம் என்பது இந்தத் தடத்தின் விதி. மேகத்துக்குள் போனால் விதி அங்கேயே முறிந்துவிடுகிறது.

உங்கள் நாட்டு விசாரணைக் குழுக்களே சொன்னதைத்தான் நினைவூட்டுகிறேன். 2016 விபத்தில் விமானி மேகத்துக்குள் மீண்டும் மீண்டும் நுழைந்ததை அறிக்கை குறிப்பிட்டது. மலை நெருங்குவதை எச்சரிக்கும் கருவியின் ஒலி விமானிகளுக்குக் கேட்டுக் கேட்டு மரத்துப்போயிருந்ததையும் சுட்டிக்காட்டியது. ஆறு ஆண்டுகள் கழித்து 2022இல், அதே தடத்தில், அந்தக் கருவி ஒலிக்காதபடி தடுக்கப்பட்ட நிலையில் விமானம் மேகத்துக்குள் மலையில் மோதியது. குறுகிய பள்ளத்தாக்கில் வானம் தெளிவாக இருக்கும் நாளிலும் அந்தக் கருவி கத்தும் என்பது எனக்குப் புரிகிறது. விமானிக்கு அது தொல்லைதான். ஆனால் உயிர் காக்க வைத்த கருவியின் வாயைக் கட்டிவிட்டுப் பறப்பது வழக்கமாகிறது என்றால், அந்த வழக்கத்தை யார் கவனித்திருக்க வேண்டும்?

இங்கேதான் பொறுப்பு உங்கள் அமைச்சகத்துக்கு வருகிறது. விமான நிலையங்களைக் கட்டி, நடத்தி, கட்டணம் வாங்குவதும் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம்; விமான நிறுவனங்களுக்கு உரிமம் தந்து கண்காணிப்பதும் அதே ஆணையம். தன் கடைக்குத் தானே தராசு முத்திரை குத்திக்கொள்வது போன்ற ஏற்பாடு இது. 2013 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் நேபாள விமான நிறுவனங்கள் அனைத்துக்கும் தடை விதித்தபோது கைகாட்டியது பாதுகாப்புக் கண்காணிப்பின் குறைகளைத்தான். ஆணையத்தை இரண்டாகப் பிரிக்கும் மசோதாக்கள் நாடாளுமன்றம்வரை வந்தும் ஆண்டுக்கணக்கில் இழுபட்டன. இடையில் விமான விபத்துகளில் 2023 ஜனவரியில் பொக்காராவில் 72 பேரையும் 2024 ஜூலையில் காத்மாண்டுவில் 18 பேரையும் பறிகொடுத்தீர்கள். ஆணையப் பிரிப்பை முடித்துக்காட்டுங்கள் என்பது என் முதல் கோரிக்கை.

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகளும் உண்டு. எச்சரிக்கைக் கருவியை எந்த விமானம், எங்கே, எவ்வளவு நேரம் தடுத்து வைத்தது என்பதைப் பறப்புப் பதிவிலிருந்து எடுத்து மாதந்தோறும் ஆராயச் செய்யுங்கள். தடத்திலுள்ள கோரேபானி முதல் ஜோம்சோம்வரை மேகம் எங்கே நிற்கிறது என்பதை விமானிக்கும் பயணிக்கும் ஒரே நேரத்தில் காட்டும் கேமராக்களை வையுங்கள். ஒவ்வொரு விசாரணை அறிக்கையின் பரிந்துரையும் எந்த நிலையில் இருக்கிறது என்று பொதுவில் வெளியிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது எங்கள் பக்கத்துத் தவறு. பொக்காரா விமான நிலையத்தில் விடியற்காலையில் கம்பளிக் குல்லாயும் மப்ளருமாக உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைப் பாருங்கள். மறுநாள் காத்மாண்டுவுக்கு டிக்கெட், அதற்கடுத்த நாள் சென்னைக்கு. வானிலை சரியில்லை என்றதும் "எத்தனை மணிக்குக் கிளம்பும்?" என்று கவுன்டரை மொய்க்கிறார்கள், சுற்றுலா ஏற்பாட்டாளரும் சேர்ந்து நெருக்குகிறார். அந்த நெருக்கடி விமானியறைக்குள் எட்டக் கூடாது. வானிலையால் ரத்தானால் முழுப் பணமும் அன்றே திரும்பும், ஜீப் ஏற்பாடு உண்டு என்று விதி செய்யுங்கள். சாலையில் ஒரு முழு நாள் இடுப்பு ஒடியும், ஒடியட்டும். "இன்று போகவில்லை" என்று சொன்ன விமானியிடம் எந்த நிறுவனமும் காரணம் கேட்டுக் குடையக் கூடாது என்பதையும் அந்த விதியிலேயே எழுதுங்கள்.

பனி விலகியதும் அடுத்த யாத்திரைப் பருவம் தொடங்கும். எங்கள் ஊரில் இப்போதே முன்பதிவு நடக்கிறது. அதற்குள் இந்த உத்தரவுகளையாவது பிறப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
திருச்சியிலிருந்து ஒரு யாத்ரீகர்